தாளின் பின்பக்கம்

ஜனவரி 8

பொடியனுக்கு அக்கா எழுதுவது.

இங்கே நான், உன் அத்தான், அவருடைய முழங்கால் வலி, மூவரும் சௌக்கியம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, உன் அறைத்தோழர் இன்னும் குறட்டை விடுகிறாரா என்று எழுது.

எழுத்துப் பொறிக்க நீ ஏற்பாடு செய்த லேசர் எந்திரம் வந்து இறங்கிவிட்டது. பழசானாலும் உழைக்கும் என்ற உன் பேச்சை நம்பிப் பின்னறையில் வைத்திருக்கிறோம். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதன் வழியாகப் புகைக்குழாயை வெளியே விட்டாயிற்று. காலையில் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்பு, மதியத்துக்கு மேல் எந்திரம் என்று நாளைப் பிரித்துக்கொண்டேன். மூடியைத் திறந்து பார்த்த உன் அத்தான், "இது ஜெராக்ஸ் மெஷின் மாதிரில்ல இருக்கு" என்று உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு ஒட்டுவது, பொதி கட்டுவது, கொண்டுபோய்க் கொடுப்பது ஆகிய வேலைகள்.

இனி போன் வேண்டாம், கடிதம்தான். போன ஞாயிறு எந்திரத்தை எந்தச் சுவரோரம் வைப்பது என்பதில் ஆரம்பித்து, நீ ஐந்தாம் வகுப்பில் என் பேனாவைத் தொலைத்தது வரை போய்விட்டோம். நான் கத்தினேன், நீ போனை வைத்தாய். போதாக்குறைக்கு, நீ சொன்ன எண்களை மின்சார ரசீதின் முதுகில் குறித்து வைத்தேன். உன் அத்தான் அந்த ரசீதை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்கிறார். எந்தப் பொருளுக்கு எவ்வளவு பவர், எவ்வளவு ஸ்பீடு என்று தாளில் எழுதி அனுப்பு. எழுத்தோடு யாரும் சண்டை போட முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஜனவரி 24

ஒலிபெருக்கி அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

நான் நலம். குறட்டையும் நலம், நாளுக்கு நாள் வளர்கிறது. அத்தான் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

நீ கேட்டதைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மரத்துக்கு முகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுப் பொறி, டேப்பை உரித்தால் புகைக்கறை அதோடு போய்விடும். கண்ணாடிக்கு ஈரக் காகிதம் போர்த்திக் குறைந்த பவர், இல்லாவிட்டால் சில்லுச் சில்லாகப் பெயரும். அக்ரிலிக்கில் இரண்டு ஜாதி. ஒன்று வெள்ளை வெளேரென்று பொறியும், இன்னொன்று உருகி இழுக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆகவே ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்க்காமல் இறங்காதே. தெளிவான அக்ரிலிக் பலகை என்றால் எழுத்தை இடவலம் மாற்றி முதுகுப் பக்கம் பொறிக்க வேண்டும். முன்னால் நிற்பவருக்கு நேராகத் தெரியும், கீறலும் படாது. தோலுக்குக் குறைந்த பவர், அதிக வேகம். முடி கருகிய நாற்றம் வரும், பயப்படாதே.

தாளின் முன்பக்கம் செய்ய வேண்டியது. மறக்காமல் பின்பக்கமும் பார். அங்கே எட்டு வரி எழுதியிருக்கிறேன். இங்க் பேனா எழுத்து, ஈரம் படாமல் வைத்துக்கொள்.

பேனா விஷயம்: அதை நான் தொலைக்கவில்லை. நீதான் தொலைத்தாய்.

அன்புள்ள
தம்பி


பிப்ரவரி 15

அன்புள்ள பொடியனுக்கு,

எல்லாரும் நலம். ஒத்தடம் கொடுத்த பிறகு உன் அத்தான் மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறுகிறார்.

உன் தாள் வந்தது. உறையைப் பிரித்து நான் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உன் அத்தான் பசை காய்ச்சித் தாளைப் பின்னறைச் சுவரில் ஒட்டிவிட்டார். ரசீது தொலைந்த வெட்கம் அவருக்கு. "இனி இதை யாராலயும் எடுத்துட்டுப் போக முடியாது" என்று நான்கு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். பின்பக்கமும் பார் என்று நீ எழுதியிருந்த இடத்துக்கு நான் வந்தபோது தாள் சுவரோடு சுவராகிவிட்டது. பரவாயில்லை, முக்கியமானதை முன்பக்கத்தில்தானே எழுதியிருப்பாய். முடிந்தால் பின்பக்கத்தை மறுபடி எழுதி அனுப்பு.

பல் டாக்டருக்குப் பெயர்ப்பலகை செய்தேன். எழுத்தை மாற்றிப் போட மறந்துவிட்டேன். அவரிடம் பல்லைக் காட்டிச் சமாளித்து இன்னொன்று செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து பொறிக்கும் முன் எழுத்தைச் சரிபார்ப்பது உன் அத்தானின் வேலை. இப்போது இடவலம் மாறிய எழுத்தைச் செய்தித்தாள் மாதிரி படிக்கிறார். நானும்தான்.

இன்னொன்று. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. நம் புகைக்குழாய்க்கு நேரே அவர்கள் ஜன்னல். அந்தப் பெண் வந்து, "அக்கா, கொழந்த மூக்குல கரி ஒட்டுது" என்றாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. குழாயை உள்ளே திருப்பிவிட்டோம். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் பாதி தண்ணீர், அதற்குள் குழாயின் வாய், மேலே ஈரச்சாக்கு. புகை தண்ணீரில் அடங்கிவிடுகிறது. யோசனை என்னுடையது, மெச்சிக்கொள்.

அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

மெச்ச மாட்டேன். புகை வெளியேதான் போக வேண்டும். குழாயை நீட்டிக் கூரைக்கு மேலே கொண்டுபோ. அதுவரை மரம், அக்ரிலிக் மட்டும் செய், ஜன்னலைத் திறந்தே வை. போனில் சொல்லியிருந்தால் நீ கத்தியிருப்பாய், நானும் கத்தியிருப்பேன். கடிதத்தில் அடங்கிச் சொல்கிறேன்.

அத்தான் ஒட்டிய கதையைத் தொழிற்சாலையில் சொல்லி எல்லாரும் சிரித்தோம். பின்பக்கத்தை மறுபடி எழுதி அடுத்த கடிதத்தில் வைக்கிறேன். இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு ஊர்களில் புது எந்திரங்கள் பொருத்த இரண்டு மாதம் அனுப்புகிறார்கள். உன் கடிதங்கள் இங்கே விடுதியில் காத்திருக்கும். கோபித்துக்கொள்ளாதே.

தம்பி


மார்ச் 22

பொடியனுக்கு,

நீ ஊர் ஊராகச் சுற்றுகிறாய், தண்ணீர் மாறும், காய்ச்சிக் குடி. இங்கே அத்தான் நலம். எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம்.

பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. பயணப் பை செய்யும் நிறுவனத்துக்கு, பையில் தைக்கும் சின்ன வில்லைகள், ஐயாயிரம். அவர்கள் சின்னத்தைப் பொறித்து வெட்டிக் கொடுக்க வேண்டும். கறுப்புத் தோல் சுருள்களை அவர்களே அனுப்பிவிட்டார்கள். தோலுக்கு நீ எழுதிய பவரையே வைத்தேன், வெண்ணெய் மாதிரி வெட்டுகிறது. நீ சொன்ன முடி கருகிய நாற்றம் இதில் இல்லை. கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி, குளியலறை கழுவும் திரவம் மாதிரி. பதப்படுத்தும்போது ஏதாவது சேர்ப்பார்களாக இருக்கும். கூரைக்குக் குழாய் நீட்ட ஆள் சொல்லியிருக்கிறோம், வருகிறேன் வருகிறேன் என்கிறான்.

லென்ஸ் இரண்டு நாளைக்கு ஒரு முறை மங்கிவிடுகிறது. எதைக் கொண்டு துடைப்பது? பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 14

பொடியனுக்கு,

பதில் இல்லை, நீ இன்னும் திரும்பவில்லை போலிருக்கிறது. நலமாக இரு.

போன வாரம் நீ எங்கிருந்தோ போன் செய்ததாக உன் அத்தான் சொன்னார். நான் எடுக்காததற்குக் கோபிக்காதே. கடிதம்தான் என்று முடிவு செய்தோம் அல்லவா? ரோஷம் இருக்கிறதே. வீட்டிலும் வேண்டியதைத் தாளில் எழுதி நீட்டப் பழகிவிட்டேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை என்று உன் அத்தான் வேடிக்கையாகச் சொல்கிறார், ஆனால் சிரிப்பதில்லை.

பேருந்து நிலையத்தில் இப்போது என் பழைய பதிவைப் போடுகிறார்கள். நான் போக வேண்டியதில்லை. காலையும் எந்திரத்துக்கே ஆகிவிட்டது, மூவாயிரம் வில்லை முடிந்தது.

இந்த வருடம் காற்றில் ஈரம் அதிகமோ என்னவோ. பின்னறையில் கத்தரிக்கோல் துருப்பிடித்துவிட்டது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தேன், மூன்றாம் நாள் மறுபடி செம்மண் பூசினது மாதிரி. தையல் ஊசிகள் டப்பாவுக்குள்ளேயே துருவேறிவிட்டன. கதவுக் கீல் கிறீச்சிடுகிறது. எந்திரத்தின் தலை ஓடுமே அந்தத் தண்டவாளம், அதிலும் புள்ளி புள்ளியாக. முன்னறையில் இருக்கும் இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வேடிக்கைதான்.

இருமல் மட்டும் விடமாட்டேன் என்கிறது. கஷாயம் குடிக்கிறேன்.

அக்கா


மே 2

பொடியனுக்கு,

நீ நலமா? சுருக்கமாக எழுதுகிறேன், கை ஓய்கிறது.

நேற்று டிரம் தண்ணீரைத் தெருவரை கொண்டுபோக முடியாமல் உன் அத்தானுக்கு முழங்கால் வலி. வாசற்படி சிமெண்டிலேயே கவிழ்த்தார். தரை நுரைத்தது, பொடியா. சோடா மாதிரி சிறு இரைச்சலோடு. "தரைக்கு உயிர் வந்துடுச்சு பாரு" என்றார். நாங்கள் இருவரும் நின்று பார்த்தோம். நுரை அடங்கியபின் அந்த இடம் சொரசொரவென்று மணல் தெரிகிறது.

மரக்கரியில் ஏதாவது சுண்ணாம்புச் சத்து இருக்குமா? உனக்குத் தெரிந்திருக்கும்.

அக்கா


மே 11

அக்கா,

நலம் விசாரிக்க மாட்டேன். உன் நலம் எப்படி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்று காலைதான் விடுதிக்குத் திரும்பினேன். மூன்று கடிதங்களும் கட்டிலில் கிடந்தன. மங்கும் லென்ஸ், துருப்பிடித்த ஊசி, நுரைத்த தரை. வரிசையாக வைத்துப் படித்தபோது எல்லாம் புரிந்துவிட்டது.

அது தோல் இல்லை. ரெக்சின். தோல் மாதிரி செய்த பிளாஸ்டிக். அதில் லேசர் பட்டால் வருவது நச்சுப்புகை. ஈரத்தைத் தொட்டதும் அமிலமாகிவிடும். டிரம் தண்ணீரில் அமிலம், இரும்பின் மேல் அமிலம். உன் தொண்டையிலும் ஈரம் இருக்கிறது அக்கா.

ஏழு முறை போன் செய்தேன். எட்டாவது முறை அத்தான் எடுத்தார். எந்திரத்தை அணைத்துக் கதவைப் பூட்டுங்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்றேன். "சரி மச்சான், அவ தூங்குறா, எழுந்ததும் சொல்றேன்" என்றார். அவர் சொல்வார். நீ கேட்க வேண்டுமே.

நம்பாவிட்டால் வெட்டவெளியில் ஒரு சோதனை செய். செப்புக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி வில்லையில் ஒரு தொடு தொட்டு மறுபடி தீயில் காட்டு. தீ பச்சையாக எரிந்தால் அந்த அறைக்குள் இனி கால் வைக்காதே. காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி


மே 20

பொடியனுக்கு,

வாசலில் வைத்துப் பார்த்தோம். பச்சைதான். இவ்வளவு அழகான பச்சையை நான் தீயில் பார்த்ததில்லை. உன் அத்தான் அடுப்பை அணைத்தார்.

பூட்டைக் கொண்டுவந்தார். மீதி நானூறு வில்லைதான் இருந்தது. வாக்குக் கொடுத்தாயிற்று, நாலாயிரத்து அறுநூறு செய்தவள் நானூறுக்கு ஓடினேன் என்று இருக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து, மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு மூன்று மதியத்தில் முடித்துவிட்டேன். திட்டாதே. இனி எந்திரத்தைத் தொடமாட்டேன், சத்தியம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதை நீ முன்பே சொல்லியிருக்கக் கூடாதா, பொடியா?

அக்கா


ஜூன் 6

மச்சானுக்கு,

வணக்கம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுக்கவும்.

உங்கள் அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மே 23 காலையில் பல் தேய்க்கப் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், உதடு நீலமாகிவிட்டது. இப்போது மூக்கில் குழாய் வழியாகக் காற்று போகிறது. உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டது என்கிறார் டாக்டர். நுரையீரல் பாதிக்கு மேல் வெந்திருக்கிறதாம். குரல் திரும்புமா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். மார்ச் கடைசியிலேயே அவள் குரல் போய்விட்டது. உங்களுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நான் அந்தச் சத்தியத்தை மீறியிருக்க வேண்டும்.

என்னென்ன பொருள் வெட்டினீர்கள் என்று டாக்டர் கேட்டார். உங்கள் தாளைக் காட்டலாம் என்று வீட்டுக்கு வந்தேன். சுவரிலிருந்து வரவில்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறேன். தண்ணீர் தெளித்துக் கரண்டியால் சுரண்டினேன். தாள் கூழாகி உதிர்ந்தது. அதற்கு அடியில் சுண்ணாம்பில் உங்கள் பின்பக்க எழுத்து இறங்கியிருக்கிறது. பசை ஈரத்தில் மை சுவருக்குப் போய்விட்டது. எட்டு வரியும் இடவலம் மாறி இருக்கிறது. அதைப் படிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

முதல் வரியே ரெக்சின். "இதை உள்ளே வைக்காதே. இந்தப் புகை முதலில் இரும்பைத் தின்னும், பிறகு ஆளைத் தின்னும்."

நான்கு மூலையையும் தேய்த்து ஒட்டியது இந்தக் கைதான் மச்சான். நான்கு மாதம் அவள் அந்தச் சுவருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அவளிடம் சொல்லாதீர்கள். அவள் வீட்டுக்கு வருவதற்குள் சுவருக்கு வெள்ளையடித்துவிடுகிறேன்.

இப்படிக்கு
அத்தான்


ஜூன் 18

அக்காவுக்கு,

நீ தேறி வருகிறாய் என்று அத்தான் எழுதினார். விடுப்புக் கேட்டிருக்கிறேன், ஆகஸ்டில்தான் தருவார்கள் போலிருக்கிறது. டாக்டர் சொல்வதைக் கேள், அவரோடும் வம்புக்குப் போகாதே.

முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டிருந்தாய். சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை, அக்கா. தாளின் பின்பக்கத்தில் லென்ஸ் துடைப்பது பற்றித்தான் ஏதோ எழுதியிருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. திட்ட வேண்டுமென்றால் என்னை மட்டும் திட்டு.

தம்பி


ஜூலை 11

பொடியனுக்கு,

வீட்டுக்கு வந்து பதினொரு நாள் ஆகிறது. உன் அத்தான் நலம் இல்லை, சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருக்கிறார். நான் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இனி உனக்குப் பொய் எழுதுவதாக இல்லை. நான்கு வரிக்கு ஒரு முறை பேனாவை வைத்து மூச்சு வாங்குகிறேன். இந்தக் கடிதம் மூன்று நாள் வேலை.

நான் வந்த அன்று உன் அத்தான் என்னைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வெள்ளையடிக்கப் பொருள் வாங்கக் கடைக்குப் போனார். போவதற்கு முன் பின்னறைக் கதவைச் சாத்தினார். பூட்டவில்லை, துருவேறிய பூட்டு விழவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கே போய்ச் சேர எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. எட்டு வரி படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கும் கண்ணாடி தேவைப்படவில்லை.

லென்ஸ் துடைப்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அவர் வந்து வெள்ளையடித்தார். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே, எனக்குத் தெரியாது என்றே அவர் இருக்கட்டும். ஒட்டியவர் அவர். மறுபடி எழுதுகிறேன் என்று மறந்தவன் நீ. முக்கியமானது முன்பக்கத்தில்தானே இருக்கும் என்று எழுதியவள் நான். மூன்று பேருக்கும் சரியாகப் பங்கு வருகிறது, யாரும் அதிகம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வந்து காட்டினார்கள். குப்புற விழுந்து தலை நிமிர்த்திப் பார்க்கிறது. குழாய் பழைய இடத்திலேயே இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

நேற்று உன் அத்தான் என்னை ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப்போனார். பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது என் பதிவு கேட்டது. நல்ல குரல்தான், பொடியா. நீங்கள் கேலி செய்தபோது எனக்குத் தெரியவில்லை. உன் அத்தான் ஆட்டோக்காரரிடம், "கொஞ்சம் வேகமாப் போங்க" என்றார்.

போன் வேண்டாம் என்று ஜனவரியில் சொன்னது சண்டைக்குப் பயந்து. அதன் பிறகு எடுக்காதது எதற்கு என்று உனக்கே தெரியும். இப்போது கை ரொம்ப ஓய்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய். எடுத்ததும் ஒரு முறை தட்டுவேன், நான்தான் என்று தெரிந்துகொள். நீ பேசு. எந்திரத்தை எந்தச் சுவரோரம் வைத்திருக்க வேண்டும் என்பதிலிருந்து என் பேனா வரைக்கும் எல்லாம் பேசு. இனி நமக்குள் சண்டை வராது.

அக்கா